மொட்டைமாடி மழைமானிக்கு எந்தப் போர்டு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் அதே அளவு. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது திருவண்ணாமலை. டிசம்பர் 1 மாலை, ஊறிப்போன மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

மலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு “நம்ம தெருவில் எவ்வளவு பெய்தது?” என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளம். கோடைமழை நாளில் ராஜகோபுரத்துத் தெருவில் தண்ணீர் ஓடும்போது அடி அண்ணாமலையில் புழுதிகூட அடங்கியிருக்காது. அரசு மழைமானி சொல்லும் எண், அது நிற்கும் இடத்தின் எண். அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு ‘ரெண்டு உழவு மழை’ என்ற பழைய கைக்கணக்குதான் மிச்சம்.

சொந்த மாடியிலேயே மில்லிமீட்டர் கணக்கில் மழையை அளக்கும் கருவியை இன்று வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் செய்கிறார்கள். அதற்கு மூளையாக உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு வேண்டும். ஆரம்பத்திலேயே பணத்தைக் கோட்டை விடுவது இங்கேதான். ‘ராஸ்பெர்ரி பை’ என்ற பெயரைக் கேள்விப்பட்டதும், இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாடியில் வைக்கும் பொழுதுபோக்கு மழைமானி நிலச்சரிவை முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு வானிலை மையத்தின் அறிவிப்பும், மாநில அரசின் டி.என்.அலெர்ட் செயலியும், மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவும்தான் வழி. வீட்டுக் கருவி தருவது ஒரு பதிவேடு மட்டுமே: எந்த நாளில், எந்த மணியில், எத்தனை மில்லிமீட்டர்.

ராஸ்பெர்ரி பை பிறந்த கதையில் இந்தியாவுக்கும் ஒரு ஓரத்தில் இடம் உண்டு. 1981இல் பிரிட்டனில் ஏக்கார்ன் நிறுவனம் பள்ளிகளுக்காக ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற கணினியைச் செய்தது. 1984இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்தபோது, முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் போனது அந்தக் கணினிதான். அதன் இந்தியப் பிரதியை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் தயாரித்தது. ஏக்கார்ன் 1985இல் உருவாக்கிய ‘ஆர்ம்’ வகைச் சிப்தான் இன்று ஏறக்குறைய எல்லோருடைய செல்போனிலும் இருக்கிறது. பி.பி.சி. மைக்ரோவில் ஊறி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எபன் அப்டன், கேம்பிரிட்ஜில் சேர வரும் மாணவர்களுக்குக் கணினியை நோண்டிப் பார்த்த பழக்கமே குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டார். அவரும் நண்பர்களும் சேர்ந்து 35 டாலர் விலையில் ஒரு போர்டை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு விட்டார்கள். முதல் தொகுதி 10,000 போர்டுகள். வாங்க வந்த கூட்டத்தில் விற்பனையாளர்களின் இணையதளங்களே படுத்துவிட்டன. ‘மாடல் ஏ’, ‘மாடல் பி’ என்ற பெயர்களும் பி.பி.சி. மைக்ரோவின் நினைவாக வைக்கப்பட்டவையே. அதன் பிறகு 6 கோடிக்கும் மேல் விற்றாகிவிட்டது. 2015 டிசம்பரில் இரண்டு பை போர்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போயின, பள்ளி மாணவர்கள் எழுதிய நிரல்களை அங்கே ஓட்டிப் பார்ப்பதற்காக.

மழையையும் அது விட்டுவைக்கவில்லை. ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை, ஆரக்கிள் நிறுவனத்தின் உதவியோடு 1,000 வானிலை நிலையப் பெட்டிகளை உலகெங்கும் உள்ள பள்ளிகளுக்கு அனுப்பியது. அதில் இருந்த மழைமானியின் அமைப்பைப் புரிந்துகொண்டால், எந்தப் போர்டு வேண்டும் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மேலே ஒரு புனல். கீழே குழந்தைகள் ஏறி ஆடும் சீசா போல, இரண்டு பக்கமும் குழியுள்ள ஒரு சின்னத் தொட்டி. புனலிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு குழியில் நிறைந்ததும் தொட்டி அந்தப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டிவிடும். மறு குழி மேலே வரும். ஒவ்வொரு முறை சாயும்போதும் தொட்டியில் ஒட்டிய காந்தம், பக்கத்தில் இருக்கும் ‘ரீட் சுவிட்ச்’ ஒன்றை ஒரு கணம் மூடித் திறக்கும். பல மாதிரிகளில் ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. மழை, பை வானிலைப் பெட்டியில் இருந்ததில் 0.2794 மி.மீ. அடைமழையில்கூட தொட்டி நொடிக்கு ஒரு முறைக்கு மேல் சாய்வது அபூர்வம்.

ஆக, போர்டு செய்ய வேண்டியது எண்ணுவது மட்டும். நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் துடிக்கும் நான்கு மூளைகளும், நான்கு ஜி.பி. நினைவகமும், இரண்டு திரைகளுக்கு இணைப்பும் உள்ள கணினியை வாங்கி ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணச் சொல்வது வீண்.

போர்டுகள் இரண்டு சாதி. ராஸ்பெர்ரி பை 4, பை 5, ஜீரோ 2 டபிள்யூ ஆகியவை முழுக் கணினிகள். மெமரி கார்டிலிருந்து லினக்ஸ் ஏறும். விசைப்பலகையும் திரையும் மாட்டினால் மேசைக் கணினி. ஆர்டுயினோ, இ.எஸ்.பி.32, ராஸ்பெர்ரி பை பிக்கோ ஆகியவை மைக்ரோகண்ட்ரோலர்கள். இவற்றில் இயங்குதளம் கிடையாது. எழுதி ஏற்றிய ஒரே ஒரு நிரலை, மின்சாரம் வந்த நொடியிலிருந்து போகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். மழைமானிக்கு இரண்டாவது சாதியே பொருத்தம்.

அதிலும் வைஃபை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஷாங்காயின் எஸ்பிரஸிஃப் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த இ.எஸ்.பி.32 சிப் பொருத்திய போர்டு நம் ஊரில் சுமார் 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிக்கோ டபிள்யூவின் அறிவிப்பு விலை 6 டாலர். இங்கே வந்து சேரும்போது ஐநூறு, அறுநூறு ஆகலாம். இரண்டிலும் மைக்ரோபைத்தானில் நிரல் எழுதலாம் என்பதால் பள்ளியில் பைத்தான் படிக்கும் பிள்ளைக்கு அந்நியமாக இருக்காது. ஆர்டுயினோ ஊனோ பழக எளிது. ஆனால் அதன் வழக்கமான மாதிரிகளில் வைஃபை இல்லை.

அப்படியானால் முழு பை யாருக்கு? கேமரா வைத்துப் பறவை பார்ப்பவருக்கு. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் விளம்பரத்தைத் தடுக்கும் ‘பை ஹோல்’ போன்ற மென்பொருளை ஓட்ட விரும்புபவருக்கு. லினக்ஸையே கற்க நினைப்பவருக்கு. பல மழைமானிகளிலிருந்து வரும் எண்களைச் சேர்த்து வைத்து, வரைபடமாகக் காட்டும் சின்ன சர்வர் வேண்டும் என்றால் ஜீரோ 2 டபிள்யூவே தாராளம். அதன் அறிவிப்பு விலை 15 டாலர். ஆனால் வயர்களை மாட்டும் முள்வரிசை பற்றவைக்காமல் வரும் மாதிரியை வாங்கினால் சால்டரிங் கையில் பழகியிருக்க வேண்டும்.

விலைப் பட்டியலில் தெரியும் தொகையோடு செலவு முடிந்துவிடாது. பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் பவர் சப்ளை தனியாக வேண்டும். பை 4க்கு 3 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் செல்போன் சார்ஜரைச் செருகினால் திரையில் மின்னல் குறி வரும். போர்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில சமயம் தானாகவே மீண்டும் தொடங்கும். திரையோடு இணைக்க மைக்ரோ எச்.டி.எம்.ஐ. வயர். மெமரி கார்டு. பெட்டி. பை 5 என்றால் விசிறியும். எல்லாம் சேர்ந்தால் போர்டின் விலையில் பாதியாவது கூடும். போதாததற்கு, உலகெங்கும் நினைவகச் சிப்களின் விலை ஏறியதால் 2025 இறுதியில் ராஸ்பெர்ரி பை நிறுவனமும் தன் போர்டுகளின் விலையை உயர்த்தியது. அதிக ஜி.பி. உள்ள மாதிரிகளில்தான் அடி அதிகம். எட்டு ஜி.பி. எதற்கு என்று பதில் சொல்ல முடியாதவர் எட்டு ஜி.பி. வாங்க வேண்டியதில்லை.

மெமரி கார்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உறையில் 64 ஜி.பி. என்று அச்சிட்டு உள்ளே 8 ஜி.பி. மட்டும் இருக்கும் போலி கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. முதல் நாள் நன்றாக வேலை செய்யும்; எட்டு ஜி.பி. நிரம்பிய பிறகு எழுதியது எல்லாம் குப்பை. லினக்ஸில் ‘எஃப்3’, விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவசக் கருவிகள் கார்டு முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். கார்டு வந்த அன்றே சோதித்துவிட்டால் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் முடிந்துவிடும்.

மின்வெட்டு தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதல்ல. மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டிச் சொல்லியும் நிறுத்துவார்கள். காற்று அடித்தால் சொல்லாமலும் நிற்கும். மைக்ரோகண்ட்ரோலருக்கு இது ஒரு பொருட்டில்லை. லினக்ஸ் ஓடும் பை, கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதைந்து, மறுமுறை ஏறாமலே போகலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பில் மாட்டலாம். இல்லையென்றால் கார்டை ‘படிக்க மட்டும்’ நிலையில் வைக்கும் வசதி ராஸ்பெர்ரி பை இயங்குதளத்திலேயே இருக்கிறது.

இதைவிட நுணுக்கமான சிக்கல் கடிகாரம். பை 4 வரையிலான போர்டுகளில் மின்சாரம் போன பிறகும் ஓடும் கடிகாரம் கிடையாது. திரும்ப உயிர் பெற்றதும் இணையத்தைக் கேட்டு மணியைச் சரிசெய்துகொள்ளும். பெருமழை நாளில் மின்சாரம், இணையம் இரண்டும் ஒன்றாகப் போகும். மின்சாரம் முதலில் திரும்பும், இணையம் மறுநாள்தான் வரும். அந்த இடைவெளியில் போர்டு தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். நள்ளிரவு இரண்டு மணி மழை மாலை ஏழு மணிக் கணக்கில் பதிவாகும். எப்போது பெய்தது என்பதே தெரியாத மழைப் பதிவேட்டால் பயன் இல்லை. இ.எஸ்.பி.32, பிக்கோ ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. ‘டி.எஸ்.3231’ என்ற சின்னக் கடிகாரச் சில்லையும் அதற்கொரு பட்டன் பேட்டரியையும் சேர்த்தால் கவலை தீரும். இருநூறு ரூபாய்க்குள் முடிகிற இந்தச் சாமானைப் பட்டியலில் சேர்க்க மறப்பவர்களே அதிகம். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. பேட்டரியைத்தான் தனியாக வாங்க வேண்டும்.

மின்கட்டணப் பயம் தேவையில்லை. பை 4 சும்மா இருக்கும்போது எடுப்பது சுமார் 3 வாட். இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்தில் நாலரை யூனிட்டைத் தாண்டாது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அறுபது வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினியை அதே வேலைக்கு விட்டால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட்.

பலர் வீட்டில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி ஒன்று அலமாரியில் கிடக்கும். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. பேட்டரி செத்திருந்தாலும் அதில் ஒரு இலகுவான லினக்ஸைப் போட்டு, இ.எஸ்.பி.32க்கு நிரல் எழுதி ஏற்றப் பயன்படுத்தலாம். ‘பிள்ளை கற்றுக்கொள்ள ஒரு கணினி’ என்பது மட்டுமே நோக்கமென்றால் பை வாங்குவதற்கு முன் அந்த மடிக்கணினியைத் தூசி தட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். திரையும் விசைப்பலகையும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன.

போர்டை மாடியில் வைக்கலாமா? கூடாது. மே மாத வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊர் திருவண்ணாமலை. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெப்பம் அதைவிட வெகுதூரம் போகும். சிப் 80 டிகிரியை நெருங்கினால் பை தன் வேகத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கோயிலைச் சுற்றியும் மலையடிவாரத்திலும் உள்ள குரங்குகளுக்கோ, வடாம் காயும் தட்டும் பளபளக்கும் பெட்டியும் ஒன்றுதான். மழைமானியை மட்டும் மாடிக் கைப்பிடிச் சுவரில் இரும்புப் பட்டையால் இறுக்கிவிட்டு, காலிங் பெல்லுக்கு இழுக்கும் இரட்டை வயரைக் கீழே இறக்கி, போர்டை மாடிப்படியின் அடியில் வைப்பது நல்லது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை எட்டாத தொல்லையும் இதனால் தீரும். இடி இடிக்கும்போது நீளமான வயர் வழியாக மின்னெழுச்சி வரக்கூடும் என்பதால், ஐந்நூறு ரூபாய் போர்டு என்பது இங்கேயும் ஆறுதல். போனால் ஐந்நூறோடு போகும்.

வயரை இணைக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய எண் 3.3. பை, பிக்கோ, இ.எஸ்.பி.32 மூன்றின் முள்களும் 3.3 வோல்ட்டுக்கானவை. ஆர்டுயினோ ஊனோவுக்குப் பழகியவர் 5 வோல்ட் தரும் உணரியை நேராகச் செருகினால் அந்த முள் போய்விடும். சில நேரம் போர்டே போய்விடும். ரீட் சுவிட்ச் வெறும் சுவிட்ச் என்பதால் மழைமானியில் இந்த ஆபத்து இல்லை. ஒரு முனையை முள்ளிலும் மறுமுனையை கிரவுண்டிலும் இணைத்தால் போதும். ஒரே சாய்வை இரண்டாக எண்ணிவிடாதபடி, ஒரு துடிப்புக்குப் பின் சில நூறு மில்லி நொடி காத்திருக்கும்படி நிரலில் எழுத வேண்டும்.

நம் நாட்டுப் போர்டு ஏதும் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு ‘சக்தி’ என்ற செயலியை வடிவமைத்தது. அதன் ஒரு வடிவம் 2018இல் மொஹாலியில் வார்க்கப்பட்டது, முப்பத்து சொச்சம் ஆண்டுகளுக்கு முன் யூனிகார்ன் கணினி செய்த அதே நிறுவனத்தின் வழித்தோன்றலில். சக்தியை அடிப்படையாகக் கொண்டு சென்னையின் மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் ஒரு சிப்பை அறிமுகப்படுத்தியது. சி-டாக் நிறுவனத்தின் ‘தேஜஸ்32’ சிப் பொருத்திய ‘ஏரிஸ்’ போர்டுகளும் உண்டு. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் முதல் போர்டாக இவற்றைப் பரிந்துரைப்பது கடினம். நள்ளிரவில் நிரல் ஓடாமல் மாட்டிக்கொள்ளும்போது, அதே பிழையில் மாட்டி மீண்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் புதியவரைக் காப்பாற்றும். அந்தக் கூட்டம் இன்றைக்குப் பை, ஆர்டுயினோ, இ.எஸ்.பி.32 பக்கமே இருக்கிறது. ஆரஞ்சு பை, பனானா பை போன்ற விலை மலிவான முழுக் கணினிகளுக்கும் இதே குறைதான். போர்டு நன்றாகவே இருக்கும், மென்பொருள் பின்தங்கியிருக்கும்.

வாங்கும் இடம் பெரும்பாலும் இணையம்தான். ராஸ்பெர்ரி பை தன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலைத் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. அதில் உள்ளவரிடம் வாங்கினால் விலை நியாயமாக இருக்கும், உத்தரவாதமும் கிடைக்கும். கையில் பார்த்து வாங்க நினைப்பவர் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகலாம். வயர், ரெசிஸ்டர், கனெக்டர் என்று நான்கு கடை ஏறி இறங்கிப் பொறுக்க அந்தத் தெருவுக்கு இணை கிடையாது. போர்டு வாங்கும்போது மட்டும் பில் கேட்டு வாங்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லையே என்ற குறையும் ஓரளவு தீர்ந்திருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள விழுப்புரத்தில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இலவசமாகக் கற்றுத்தருகிறது. 2012இல், பை பிறப்பதற்கு ஒரு மாதம் முன் தொடங்கிய ‘கணியம்’ இதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. நிதி ஆயோக் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்து நாடெங்கும் 10,000 பள்ளிகளில் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் இந்தப் போர்டுகள் இருக்கின்றன. பிள்ளையின் பள்ளியில் அப்படி ஒரு அறை இருந்தால், காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அங்கே பழகிப் பார்க்கச் சொல்லலாம். அறை பூட்டிக் கிடந்தால், பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது.

கருவி தயாரானதும் சோதனை. புனலின் வாய் 16 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ.; வானிலைத் துறையின் மழைமானி ஒன்றின் அளவும் அதுதான். அந்தப் பரப்பில் 1 மி.மீ. மழை என்பது 20 மில்லி தண்ணீர். 200 மில்லியை, குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் 10 மி.மீ. காட்ட வேண்டும், 0.2 மி.மீ. தொட்டி 50 முறை சாய வேண்டும். 46 என்று வந்தால் தொட்டியின் அடித் திருகைச் சரிசெய்யலாம், அல்லது நிரலில் அந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்ளலாம். அரசு எண்ணோடு ஒப்பிட விரும்புபவர் நாள் கணக்கை நள்ளிரவில் முடிக்காமல் காலை 8.30க்கு முடிக்க வேண்டும். புனலில் வலை கட்டாவிட்டால் வேப்பஞ்சருகு அடைக்கும். மாதம் ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால் குளவி கூடு கட்டும்.

போர்டில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல மழைமானித் தொட்டி வாங்கப் போடுங்கள். அளவின் துல்லியம் அதில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். பார்சல் வர, பற்றவைக்க, சோதிக்க எல்லாம் சேர்த்து ஆகஸ்டிலேயே ஆர்டர் போட்டுவிடுவது நல்லது.